ஜிம்முக்கு வழியில்லை, நடக்க நேரமில்லை: வீட்டிலேயே எடை குறைத்த அம்மாக்கள் வாங்க, சொல்லுங்க

குரோம்பேட்டை_அம்மா · ஜூலை 8, இரவு 10:47

தோழிகளே, பிள்ளைங்க தூங்கின பிறகு எழுதுறேன். எனக்கு வயசு 34. பெரியவனுக்கு ஆறு, சின்னவளுக்கு ரெண்டு. ரெண்டாவது சிசேரியன். உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. சின்னவ வயித்துல இருந்தப்ப சுகர் வந்துச்சு. பிரசவத்துக்கு அப்புறம் நார்மல்னாங்க, நானும் அதோட விட்டுட்டேன். போன வாரம் எடுத்த டெஸ்ட்ல ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டற அளவு) 6.0, அதாவது சுகர் நோய்க்கு முந்தின கட்டம். டாக்டரம்மா, "மாத்திரை இப்ப வேணாம், மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுத்துப் பார்ப்போம், அதுக்குள்ள உடம்பைக் கவனிங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எங்க அம்மாவுக்கு சுகரால கால் விரல் எடுத்தாங்க. டிரெஸ்ஸிங்குக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன். அதனால இந்த 6.0-ங்கற நம்பரைப் பார்த்ததுல இருந்து சரியா தூக்கமே இல்லை.

என் நாள் இப்படிப் போகுது. 4:50-க்கு எழுந்தா டிபன், மூணு டப்பா, 7:40-க்கு ஸ்கூல் வேன், சின்னவளை மாமியார்கிட்ட விட்டுட்டு 8:25 எலக்ட்ரிக் ட்ரெயின். கிண்டியில ஆஃபீஸ், நாள் முழுக்க நாற்காலி. திரும்பி வர 6:45. ஹோம்ஒர்க், இட்லி மாவு, ராத்திரி சாப்பாடு, பாத்திரம். பத்தரைக்கு முன்னாடி உட்கார்ந்ததா ஞாபகமே இல்லை.

முயற்சி பண்ணாம இல்லை. விடிகாலையில தெருவுல நடந்தேன், ராதா நகர் பக்கம் நாய்ங்க துரத்தினதுல நிறுத்திட்டேன். ஜிம்முக்கு ஆறு மாசப் பணம் கட்டி ஒன்பது நாள் போனேன், பையனுக்குக் காய்ச்சல் வந்ததோட அதுவும் போச்சு. யூடியூப் பார்த்து வீட்டுல குதிச்சேன், கீழ் வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டினாங்க. இன்னொண்ணும் இருக்கு, இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை: குதிச்சா, சில நேரம் தும்மினாக்கூட, சிறுநீர் கசியுது.

என்னை மாதிரி இருந்து குறைச்சவங்க என்ன செஞ்சீங்கன்னு உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

---

மழைத்துளி · ஜூலை 8, இரவு 11:15

சிஸ், அரிசியை முழுசா நிறுத்துங்க. காலையில வெந்நீர், தேன், எலுமிச்சை. ராத்திரி ஏழுக்கு மேல ஒண்ணும் வேணாம். எனக்கு 20 நாள்ல 5 கிலோ குறைஞ்சுது.

---

வடசென்னை_மருமகள் · ஜூலை 9, காலை 6:02

மழைத்துளி, கோச்சுக்காதீங்க. நானும் அந்த வழியில போய்த் திரும்பினவதான், அதனால சொல்றேன். ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேர்ந்து, மூணு வேளைச் சாப்பாட்டுல ரெண்டு வேளைக்குப் பவுடரைக் கரைச்சுக் குடிச்சேன். ரெண்டு மாசத்துல 9 கிலோ போச்சு. மூணாவது மாசம் முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு, மாடி ஏறினா மூச்சு வாங்குச்சு, டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 8.9. பவுடரை நிறுத்தின ஆறு மாசத்துல 11 கிலோ திரும்ப ஏறிடுச்சு. போன 9 கிலோவுல தசை எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு அப்ப யாரும் எனக்குச் சொல்லித் தரலை.

தேனும் சர்க்கரை வகைதான். ஒரு பெரிய கரண்டித் தேன்ல 60 கலோரிக்கு மேல இருக்கு. ஹெச்பிஏ1சி 6.0 இருக்கறவங்க தினமும் வெறும் வயித்துல அதைக் குடிக்க வேணாம்.

---

பெரம்பூர்_பிசியோ · ஜூலை 9, மதியம் 1:40

நான் பிசியோதெரபிஸ்ட். பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சிதான் என் அன்றாட வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிறுநீர்க் கசிவு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் சகித்துக்கொண்டு போகவும் கூடாது. இடுப்புத் தளத்தில் கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் தசைகள் கர்ப்ப காலத்தில் தளர்ந்துவிடுகின்றன. சிசேரியன் ஆனவர்களுக்கும் அப்படித்தான், ஏனென்றால் ஒன்பது மாதம் பாரம் சுமந்தது அதே தசைகள். சிறுநீரை அடக்குவது போல உள்ளிழுத்து ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள், பிறகு முழுமையாகத் தளர்த்துங்கள். ஒரு முறைக்கு பத்து, நாளைக்கு மூன்று முறை. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள், அது தவறான பழக்கம். ட்ரெயினில் உட்கார்ந்தபடியே இதைச் செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் மகளிர் மருத்துவரையோ எங்களைப் போன்றவர்களையோ நேரில் பாருங்கள். அதுவரை குதிக்க வேண்டாம்.

அடுத்து வயிறு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல்களுக்கு மேல் பள்ளமாக இறங்கினால் வயிற்றுத் தசைகள் நடுவே விலகியிருக்கின்றன என்று அர்த்தம். அப்படி இருந்தால் எழுந்து எழுந்து படுக்கும் வயிற்றுப் பயிற்சியை இப்போது தொடவே வேண்டாம். விலகல் இல்லாவிட்டாலும், அந்தப் பயிற்சியால் தொப்பைக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பது நம் கையில் இல்லை.

இப்போது நேரம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் கேட்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020-இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் படி ஏறினாலும் கணக்கில் சேரும். அம்மாக்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அரை மணி நேரத்தை மொத்தமாகத் தேடிக்கொண்டிருந்தால் வருடம் ஓடிவிடும்.

தசைப் பயிற்சிக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும், ஒன்று விட்டு ஒரு நாள். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது பத்து. ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ பருப்புப் பாக்கெட்டைப் போட்டு, முன்னால் குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுத்துத் தூக்குவது ஒவ்வொரு கைக்கும் பத்து. இதையே மூன்று சுற்று. சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாமல் பையில் எடையைக் கூட்டுங்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேனை மட்டும் தூக்கிப் பார்க்காதீர்கள். முதுகு பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்தக் கேனைத் தூக்கியவர்கள்.

---

குரோம்பேட்டை_அம்மா · ஜூலை 9, இரவு 10:31

படிச்சுட்டு அழுதுட்டேன். ரெண்டு வருஷமா எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சிட்டிருந்தேன். விரல் வச்சுப் பார்த்தேன், ஒண்ணரை விரல் அளவுதான் இறங்குது.

ஒரு சந்தேகம். நாள் முழுக்க வீட்டு வேலை செய்யறேனே, அது உடற்பயிற்சி ஆகாதா? மாமியார் அதைத்தான் கேட்கிறாங்க.

---

மாடித்தோட்டம் · ஜூலை 10, காலை 5:48

வேலையைப் பொறுத்தது மா. குனிஞ்சு வீடு துடைக்கறது, கையால துணி துவைச்சு அலசறது, மாடிக்குப் பக்கெட் தூக்கிட்டுப் போறதெல்லாம் கணக்குல வரும். அடுப்பு முன்னாடி ரெண்டு மணி நேரம் நின்னா கால் வலிக்கும், ஆனா மூச்சு ஏறாது. மூச்சை வச்சுதான் கணக்குப் போடணும்: பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்துல செய்யற எதுவும் கணக்குதான். களைப்பு வேற, உழைப்பு வேற. எனக்கு அது புரியவே 45 வயசு ஆச்சு.

நான் வில்லிவாக்கம். இப்ப வயசு 47. பதினாலு மாசத்துல 78-ல இருந்து 67-க்கு வந்தேன், முழுக்க மொட்டை மாடியிலதான். எங்க மாடியை ஒரு சுத்து சுத்தினா 40 மீட்டர், 25 சுத்துக்கு ஒரு கிலோமீட்டர். நாய் இல்லை, வண்டி இல்லை, நைட்டியிலயே நடக்கலாம், கீழே குழந்தை அழுதா கேட்கும். ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்தா தசைங்க சர்க்கரையை இழுத்துக்கும், ரத்தத்துல ஏறற அளவு குறையும். உங்களுக்கு முக்கியமா வேண்டியது அதுதான்.

சித்திரை, வைகாசி வெயில்ல மட்டும் ராத்திரி எட்டுக்கு மேலதான் ஏறுவேன். சென்னைப் புழுக்கத்துல வேர்வை சொட்டறதை வச்சுக் கொழுப்பு கரையுதுன்னு நம்பிடாதீங்க, அது வெறும் தண்ணி. உப்பு போட்ட மோர் குடிங்க.

---

கீரைக்கட்டு · ஜூலை 10, காலை 9:20

நான் மயிலாப்பூர், வயது 61, இரண்டு மருமகள்கள் உண்டு. ஒரு மாமியாராக இருந்துதான் சொல்கிறேன்.

எங்கள் தலைமுறையில் பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைக் கட்டுவோம், பூண்டும் லேகியமும் நெய்யும் கொடுப்போம். அந்த நாற்பது நாள் கவனிப்பு அவசியம்தான். ஆனால் நெய் ஊற்றிய கை நாற்பது நாளில் நிற்பதில்லை, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். என் மூத்த மருமகளுக்கு நான் செய்த தவறு இது. பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், அப்போது பட்டினி போடுவது பாவம். பால் நிறுத்திய பிறகும் அதே அளவு பரிமாறுவது சரியில்லை.

இன்னொன்று, தட்டில் மிச்சம். பிள்ளைகள் வைத்த அரை இட்லி, நெய்ச் சாதம், பிஸ்கட், எல்லாம் வீணாகக் கூடாதென்று அம்மா வாயில் போய்விடும். குழந்தைகளுக்கு முதலிலேயே கொஞ்சமாகப் போடுங்கள். கேட்டால் மறுபடி போடலாம்.

கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்பு கரையும் என்கிறார்கள். கரையாது. ஆனால் கொள்ளு நல்ல பருப்பு, 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது, வயிறும் நிரம்பும். துவையலாக, சுண்டலாகச் சாப்பிடுங்கள்.

---

வடசென்னை_மருமகள் · ஜூலை 10, மதியம் 2:05

கீரைக்கட்டு அம்மா சொன்ன புரதம்தான் எனக்கும் திருப்பமா அமைஞ்சுது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்கு 46 கிராம் வேணும்னு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது. என் சாப்பாட்டை எழுதிப் பார்த்தேன். காலையில மூணு இட்லி, சட்னி. மதியம் சாதம், குழம்பு, உருளைக்கிழங்கு. ராத்திரி ரெண்டு தோசை. பாதி அளவைத் தாண்டவே கஷ்டப்பட்டேன். அதனாலதான் சாயங்காலம் அப்படிப் பசிக்கும், முறுக்கு டப்பாவைத் தேடும்.

இப்ப காலையில ஒரு முட்டை, 6 கிராம். நாலு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். காசிமேடு பக்கத்துலயே இருக்கறதால வாரம் மூணு நாள் மத்தி இல்லை நெத்திலி, பொரிக்காம குழம்புல. சைவம்னா பயறு, தயிர், பன்னீர். சாதத்தை நிறுத்தலை. முதல்ல காயை வச்சுட்டு அப்புறம் சாதம் போட்டுக்கறேன், இடம் தானா குறைஞ்சிடுச்சு.

எண்ணெயையும் அளந்து பார்த்தேன். 2,000 கலோரி சாப்பாட்டுக்கு நாளைக்கு 27 கிராம்னு அதே நிறுவனம் 2024-ல சொல்லியிருக்கு. நாலு பேருக்கு மாசம் மூணரை லிட்டர் கணக்கு வருது. எங்க வீட்டுல ஆறு லிட்டர் வாங்கிட்டிருந்தோம், நாலு பேருல ரெண்டு பேர் சின்னப் பிள்ளைங்க.

காபியையும் பாருங்க. நாளைக்கு நாலு காபி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன்னா 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. அரை மணி நேரம் வேகமா நடந்தா எரியறது கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்ல கொழுப்பு 6%, பச்சையில 4.5%, நீலத்துல 3%. நான் நீலத்துக்கு மாறினேன், சர்க்கரையை அரை ஸ்பூனாக்கினேன். நாக்கு பழக மூணு வாரம் ஆச்சு.

---

இரட்டையர்_அப்பா · ஜூலை 10, இரவு 9:12

ஆம்பளை இங்கே எழுதலாமான்னு தெரியலை. எல்லா யோசனையும் படிச்சேன், எல்லாம் நல்லா இருக்கு. ஆனா சிஸ்டர் எழுதின நாள் கணக்குல 4:50-ல இருந்து 10:30 வரைக்கும் அவங்க கணவர் ஒரு இடத்துலகூட வரலை. அவரைக் குறை சொல்ல எழுதலை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மனைவிக்கு முழங்கால் வலி வந்தப்ப டாக்டர் கேட்டார், "வீட்டுல யார் சமையல், யார் பாத்திரம்?" என்னால வாய் திறக்க முடியலை. அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். காலை 5:30-ல இருந்து 6 மணி வரைக்கும் அவளோட நேரம். அந்த அரை மணி நேரத்துல பால் காய்ச்சறது, பிள்ளைங்களை எழுப்பறது, தண்ணி பாட்டில் நிரப்பறது என் வேலை. ராத்திரி பாத்திரமும் என்னோடது. 'உதவி பண்றேன்'னு சொல்றதையும் விட்டுட்டேன், அது என் வீடும்தானே. ஒன்றரை வருஷம் ஆச்சு. பிள்ளைங்களுக்கே தெரியும், அந்த நேரத்துல அம்மாவைக் கூப்பிடக் கூடாதுன்னு.

சிஸ்டர், உங்க வீட்டுக்காரர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டினீங்களா?

---

குரோம்பேட்டை_அம்மா · ஜூலை 11, இரவு 11:02

காட்டலை. பயப்படுவாரேன்னு மறைச்சு வச்சிருந்தேன். இன்னைக்கு காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "காலை டப்பா நான் கட்டறேன்"னார்.

---

பெரம்பூர்_பிசியோ · ஜூலை 12, காலை 7:30

நல்ல செய்தி. ஆரம்பிக்கும் முன் இரண்டு வார்த்தை.

தராசில் ஏறுவதை வாரம் ஒரு முறையோடு நிறுத்துங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தங்கி ஒன்று இரண்டு கிலோ கூடக் காட்டும், அதைப் பார்த்து மனம் விட வேண்டாம். தையல்காரர் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து குறித்து வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. வரைதான் இருக்க வேண்டும். நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றைச் சுற்றித்தான் சேர்கிறது, சர்க்கரைக்கு வழி விடுவதும் அதுதான்.

நம் சென்னையிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்டது. உங்களைப் போல சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் தினமும் அரை மணி நேர நடையும் மட்டுமே சொன்னார்கள். மூன்றாண்டுக்குள் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது, மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. தராசு நகராவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் அது வரும் அபாயம் பல மடங்கு அதிகம், அதனால் வருடா வருடம் டெஸ்டைத் தவற விடாதீர்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவை சரியில்லாவிட்டால் எவ்வளவு உழைத்தாலும் களைப்புதான் மிஞ்சும்.

---

மழைத்துளி · ஜூலை 12, இரவு 10:20

வடசென்னை சிஸ், நீங்க சொன்னதுக்கு அப்புறம் நானும் டெஸ்ட் எடுத்தேன். ஹீமோகுளோபின் 9.6. சாதத்தை மறுபடி ஆரம்பிச்சிருக்கேன், முட்டையும் முருங்கைக்கீரையும் சேர்த்து. நன்றி.

---

குரோம்பேட்டை_அம்மா · அக்டோபர் 14, இரவு 10:15

மூணு மாசம் கழிச்சு வந்திருக்கேன். யார் யார் இன்னும் இந்தப் பக்கம் வர்றீங்கன்னு தெரியலை, இருந்தாலும் சொல்லிடறேன்.

எடை 71-ல இருந்து 68.2. இடுப்பு 97-ல இருந்து 91 செ.மீ. ஹெச்பிஏ1சி 5.7. டாக்டரம்மா எல்லைக்கோட்டுலதான் இருக்குன்னாங்க, இறங்கின திசை சரின்னும் சொன்னாங்க. கசிவு இப்ப தும்மும்போது இல்லை. அது எனக்கு எடையை விடப் பெரிய நிம்மதி.

எல்லா நாளும் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். ஆகஸ்ட்ல ரெண்டு பிள்ளைங்களுக்கும் அடுத்தடுத்து காய்ச்சல், பன்னிரண்டு நாள் ஒண்ணுமே செய்யலை. முன்னாடியெல்லாம் அப்படி விட்டா அதோட முடிஞ்சிருக்கும். இந்தத் தடவை பதிமூணாவது நாள் நாற்காலிப் பயிற்சி ஒரே ஒரு சுத்து மட்டும் செஞ்சேன், அடுத்த நாள் ரெண்டு. செப்டம்பர்ல மூணு வாரம் தராசு அப்படியே நின்னுச்சு. ஆனா அந்த மூணு வாரத்துலதான் ரெண்டு வருஷமா ஏறாத ஒரு ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்ட முடிஞ்சுது. மாடித்தோட்டம் அக்கா, ராத்திரி மாடி நடை விடாம நடக்குது, சில நாள் மாமியாரும் கூட வர்றாங்க. அவங்களுக்கும் சுகர் இருக்கு, இத்தனை வருஷத்துல யாரும் அவங்களை "வாங்க நடக்கலாம்"னு கூப்பிட்டதில்லையாம்.

நவராத்திரி கொலுவுக்குப் போன வீட்டுல எல்லாம் சுண்டல்தான், சந்தோஷமா சாப்பிட்டேன். சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, வேணாம்னு சொல்லலை.

பையில இப்ப மூணரை கிலோ. காலையில டப்பா அவர்தான் கட்டறார்.

பிசியோ மேடம், ஸ்கிப்பிங் ஆடலாமா? பையன் கயிறு வாங்கிட்டு வந்து கேட்டுட்டே இருக்கான்.

---

பெரம்பூர்_பிசியோ · அக்டோபர் 15, மதியம் 1:15

படித்ததும் என் உதவியாளருக்கும் வாசித்துக் காட்டினேன். கயிற்றுக்கு இன்னும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் இரண்டு காலையும் ஊன்றி, குதிகாலை உயர்த்தி இறக்குவது இருபது. கசிவு இல்லாமல் இரண்டு வாரம் போனால் நின்ற இடத்தில் மெதுவாகப் பத்து முறை குதித்துப் பாருங்கள். அதிலும் கசியவில்லை என்றால் பையனோடு ஆடலாம், மாடியில், காலணி போட்டுக்கொண்டு.

---

குரோம்பேட்டை_அம்மா · அக்டோபர் 15, இரவு 10:40

சரி மேடம். இன்னைக்கு சாயங்காலத்துல இருந்து மழை, மாடி முழுக்க ஈரம். ஹால்ல சோபாவை நகர்த்திட்டு அவரும் மாமியாரும் நானும் சுத்திச் சுத்தி நடந்தோம். சின்னவ நடுவுல உட்கார்ந்து சுத்தை எண்ணினா. அவளுக்குப் பத்துக்கு மேல தெரியாது, அதனால திரும்பத் திரும்ப ஒண்ணுல இருந்தே எண்ணினா.